மண்ணாங்கட்டி வீட்டுக்கு ஒரு சிலிண்டர்

ஐரீன் மவுசைக் கவிழ்த்து வைத்து, அடி மூடியைத் திருகித் திறந்து, உள்ளேயிருந்த ரப்பர் உருண்டையை எடுத்து மேசைமேல் உருளவிட்டாள். பிறகு கொண்டையிலிருந்து ஊசியை உருவி, உள்ளே ஒட்டியிருந்த அழுக்கைச் சுரண்டினாள். கறுப்பாக, நூல் நூலாக வந்தது. அதை ஊசி முனையில் ஏந்தி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாரு சிஸ்டர், டோல்கேட்டு இதான். எண்ணூரு கரி, ஆர்பரு மண்ணு, லாரிப் புகை, அல்லாம் சேந்து கீது. இந்தக் கலீஜத்தான் நாம டெய்லி இழுத்துகினு கீறோம்."

"இழுத்தாத்தானே உங்க முதலாளிக்கு வியாபாரம்" என்றேன்.

"அதுவும் கரெக்ட்டு" என்று ஊசியைத் துடைத்து மறுபடி கொண்டையிலேயே செருகிக்கொண்டாள்.

நான் சொல்வது 2003ஆம் வருடத்துச் சனிக்கிழமை ஒன்றை. டோல்கேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரஷீது பாயின் ஆக்சிஜன் டிப்போ இருந்தது. பட்டறைகளுக்கு வெட்டவும் ஒட்டவும் ஒரு வகை சிலிண்டர், ஆஸ்பத்திரிகளுக்கும் நுரையீரல் கெட்டவர்களின் வீடுகளுக்கும் வேறு வகை. எங்கள் பக்கத்தில் நுரையீரல் கெட்டவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நான் நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மிஷன் ஆஸ்பத்திரியில் கற்ற தொழில். அப்போது என் பொறுப்பில் இருந்தவள் திருவொற்றியூர் சிவந்தி. ஆலையில் வேலை பார்த்து, பென்ஷனோடு இருமலையும் வாங்கிக்கொண்டு வந்தவள். மகள் வேலைக்குப் போவதால் பகலெல்லாம் நான்தான் அவளோடு. அன்று ரெகுலேட்டரில் காற்று கசிந்தது. மாற்றிக்கொண்டு போகத்தான் டிப்போவுக்கு வந்திருந்தேன்.

ஐரீனைப் பற்றிச் சொல்கிறேன். அவளைப் பற்றி எழுத இவ்வளவு வருடம் யாரும் முன்வராததால் நான் எழுதுகிறேன்.

ராயபுரத்துப் பெண். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா கூடை சுமந்தவள். இவளுக்கு மீன் வாடையும் ஆகாது, கடல் காற்றும் ஆகாது. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு டிப்போவில் சேர்ந்தாள். பாய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கு ஜமக்காளம் போர்த்தி, ஊதுவத்தியும் கொளுத்தி வைத்தபோது, "புகை அதுக்கு ஆவாது பாய், உனக்கும் ஆவாது" என்று ஊதுவத்தியைப் பிடுங்கி வெளியே எறிந்தவள். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் அவளுடையதாகிவிட்டது. பாக்ஸ்ப்ரோ என்ற அந்தக் காலத்து நிரலில் வாடிக்கையாளர் கணக்கு முழுவதையும் அவளே கட்டியெழுப்பினாள். கல்யாணமும் நடந்தது. புருஷன் துபாய் போனான். முதலில் கடிதம் நின்றது, பிறகு ஆளைப் பற்றிய பேச்சும் நின்றது. யாராவது கேட்டால், "பார்சல்ல போட்டு அனுப்சேன், அட்ரஸ்ல ஆளில்லன்னு திரும்பிக்கூட வரல" என்பாள். அதற்குமேல் கேட்கத் தெம்புள்ளவர்களை நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு வீம்பு. டிப்போவிலிருந்து சிலிண்டர் போகிற எந்த வீட்டிலும் காற்று தீரக் கூடாது. "ஆஸ்பத்திரியில தீந்தா நர்ஸு ஓடும். வூட்ல தீந்தா ஆரு ஓடுவா?" என்பாள். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு வீட்டிலும் தீர்ந்ததில்லை. இதைச் சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடப் பெருமையாகச் சொன்னாளாம். பெருமையும் பாவந்தான் என்று சாமியார் அதற்கும் சேர்த்து ஜெபம் விதித்தாராம்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. நோயாளி இறந்துபோனால் சிலிண்டர் அந்த வீட்டிலேயே நின்றுவிடும். அதைத் திருப்பி எடுக்க வேண்டும். ஆனால் பிணம் போன மறுநாளே லாரியை அனுப்பி "சாமானைக் குடு" என்று கேட்டால், கேட்டவன் முழுசாகத் திரும்ப மாட்டான். எங்கள் பக்கத்து மரியாதை அது. இந்து வீடென்றால் பதினாறாம் நாள் காரியம் முடிய வேண்டும். கிறிஸ்தவ வீடென்றால் முப்பதாம் நாள் பூசை. முஸ்லிம் வீடென்றால் நாற்பதாம் நாள் பாத்திஹா. அதுவரை டிப்போக்காரர்கள் அந்தத் தெருவுக்குள் தலைகாட்ட மாட்டார்கள்.

இதற்கு ஐரீன் ஒரு வழி வைத்திருந்தாள். அனுப்ப வேண்டிய எண்ணிக்கை என்ற கட்டத்தில், செத்தவர் வீட்டுக்கு நேரே மைனஸ் ஒன்று என்று அடித்துவிடுவாள். போட வேண்டியதல்ல, எடுக்க வேண்டியது என்று அர்த்தம். பட்டியல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு இறங்கும்படி அச்சாகும். ஆஸ்பத்திரிகள் முதலில், வீடுகள் அப்புறம், செத்தவர்கள் எல்லாரும் கடைசித் தாளில். பிரின்டர் கரகரவென்று கக்கி முடித்ததும் ஐரீனின் கை, ஒட்டித் தொடராக வரும் தாள்களில் அந்தக் கடைசித் தாளை மட்டும் ஓட்டை வரிசையோடு கிழித்து மேசை டிராயரில் போடும். மீதியை டிரைவர் எத்திராஜிடம் கொடுக்கும். காரியம் முடிந்த வீடுகளை மட்டும் டிராயரிலிருந்து எடுத்து அவனுக்கு வாயால் சொல்வாள். கை செய்கிற வேலை என்கிறேனே, உண்மையில் கைதான் செய்தது. கிழிக்கும்போது அவள் வாய் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் பாய் மணலியிலும் எண்ணூரிலும் இன்னும் இரண்டு டிப்போ வாங்கினார். மூன்றுக்கும் ஒரே கணக்கு வேண்டுமென்று பெரிய சர்வர் ஒன்றை வரவழைத்தார். ஏசி போட்டுக் குளிர்ந்த அறையில் அது பீரோவைப் போல நின்றது. பாக்ஸ்ப்ரோவில் இருப்பதையெல்லாம் அதற்குள் மாற்றிவிட வேண்டும். அதைச் செய்ய வந்தவன் டில்லிபாபு. வியாசர்பாடிப் பையன், கம்பெனி அடையாள அட்டையைக் குளிக்கும்போதுகூடக் கழற்றாதவன்போல இருந்தான். நல்ல வேலைக்காரன். நான் ரெகுலேட்டருக்குக் காத்திருந்த அந்தச் சனிக்கிழமைதான் அவன் கணக்கை மாற்றிக்கொண்டிருந்தான்.

ஐரீன் மவுசுக்குள் உருண்டையைப் போட்டு மூடியபோது டில்லிபாபு குளிர்ந்த அறையிலிருந்து தலையை நீட்டினான்.

"அக்கா, கொஞ்சம் வரி உள்ள போவ மாட்டேங்குது. எண்ணிக்கைல மைனஸ் கீது. புதுசுல பூஜ்யத்துக்குக் கீழ ஒத்துக்காது."

அதே நேரம் மேசை போன் அடித்தது. ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்டோர்காரன். ஐரீன் ஒரு காதில் அவனைத் திட்டிக்கொண்டே மறு காதில் டில்லிபாபுவைக் கேட்டாள்.

"மைனஸா? மைனஸ்ல எவனாவது சிலிண்டரு அனுப்புவானா? அந்தக் கோட்ட மட்டும் எட்துடு நைனா."

"கோட்ட எட்தா வெறும் ஒன்னுன்னு நிக்குங்கா. பரவால்லயா?"

"நிக்கட்டும், நின்னா இன்னா காலா வலிக்கும்? நீ முடி, நான் போவணும்."

இத்தனைக்கும் அந்தக் கோட்டை அடித்தவள் அவளேதான். ஆனால் அவளைப் பொறுத்தவரை செத்தவர்கள் இருந்தது கோட்டில் அல்ல, கடைசித் தாளில். கோட்டை அவள் விரல் அடித்தது, தாளை அவள் கை கிழித்தது. தலைக்குத் தகவல் போகவில்லை. எனக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன்.

புதிய சர்வரிலிருந்து முதல் பட்டியல் அச்சானது. பாய் வெளியே வந்து, குழந்தை பிறந்ததைப் போலத் தாளைக் கையில் ஏந்திப் பார்த்தார். அது எண்ணிக்கைப்படி அல்ல, ஏரியாப்படி அடுக்கப்பட்டிருந்தது. முதலில் ராயபுரம், பிறகு வாஷர்மேன்பேட்டை, தண்டையார்பேட்டை, கடைசியாகத் திருவொற்றியூர்.

"எத்திராஜு, இங்க வா. நாளைலேந்து லிஸ்ட்டு இன்னா சொல்லுதோ அதான் சட்டம். உன் மூளைய வூட்லயே வச்சிட்டு வா. கம்ப்யூட்டர் மூணு டிப்போவுக்கும் சேத்து யோசிக்குது, தெரிதா?"

"சரி பாய்" என்றான் எத்திராஜ். இதைவிடச் சுலபமான உத்தரவு அவனுக்கு அதுவரை வந்ததில்லை.

பாய் தாளை ஐரீனிடம் கொடுத்தார். ஐரீன் ஸ்டோர்காரனுக்குக் கடைசி வசவைக் கொடுத்துக்கொண்டே, கடைசித் தாளைக் கிழித்து டிராயரில் போட்டு, மீதியை எத்திராஜிடம் நீட்டினாள். நான் ரெகுலேட்டரை வாங்கிக்கொண்டு பஸ்ஸேறினேன்.

ஞாயிறு காலை, மகள் அன்றும் வேலைக்குப் போய்விட்டிருக்க, சிவந்தி தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக டீ ஆறுவதற்குள் லாரி வந்துவிடும். டீ ஆறியது. டம்ளரும் கழுவியாயிற்று. சிலிண்டர் தலையிலிருந்த முள் சிவப்புப் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. மாற்றுச் சிலிண்டரை நேற்றே தீர்த்திருந்தோம்.

"வரல இல்ல?" என்றாள் சிவந்தி.

"வரும். பேசாத. பேச்சுக்கும் காத்து செலவாவுது."

"பேசாம இருந்தா செத்துட்டேன்னு நெனச்சுக்குவியே சிஸ்டரு."

அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் தலையணையை மடித்துக் கொடுத்து அதன்மேல் கைகளைப் போடச் சொன்னேன். குழாயின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டேன். செய்வதற்கு இருந்தது அவ்வளவுதான். பிறகு மாடியிலிருந்த வீட்டுச் சொந்தக்காரர் போனிலிருந்து ஐரீனின் செல்லுக்கு அடித்தேன்.

அவள் ராயபுரத்தில் பூசையில் இருந்தாள். பிரசங்கத்தின் நடுவே பைக்குள்ளிருந்து போன் கூவியதாம். சாமியார் நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். இவள் முழங்கால் போட்டு எழுந்து, "பொறுங்க ஃபாதர், உங்களுது இல்ல, எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாளாம்.

"லாரி வரல. சிவந்திக்கு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினா பெரிசு" என்றேன்.

அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். கோயில் வாசலில் நின்று சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உடனே எத்திராஜைப் பிடித்தாள். அந்தப் பேச்சை இரண்டு பேருமே எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போவதால் எழுதுகிறேன்.

"எங்கடா கீற?"

"முட்ச்சிட்டேன்கா. லாரி காலி. லிஸ்ட்ல கீற எல்லாருக்கும் போட்டாச்சு. மண்ணாங்கட்டி வூட்டுக்குக்கூட போட்டுட்டேன்."

"எந்த மண்ணாங்கட்டி?"

"செத்தாரே, அந்த மண்ணாங்கட்டி."

"செத்தவனுக்கு இன்னாத்துக்குடா ஆக்சிஜன்?"

"நானும் அத்தான் யோசிச்சேன். அப்புறம் பாய் மூளைய வூட்ல வைக்கச் சொன்னாரேன்னு வுட்டுட்டேன். அக்கா, அங்க பந்தலு போட்டு கருமாதி நடக்குது. எறக்கி வச்சா ஒருத்தனும் ஒன்னும் கேக்கல. வாஷர்மேன்பேட்டைல செத்துப்போன பாயோட வூட்டம்மா டீ குடுத்து அழுதாங்க. நான் இன்னா பண்றது, நானும் கொஞ்சம் அழுதேன்."

"திருவொத்தியூரு?"

"லிஸ்ட்ல இல்லயே."

அப்போதுதான் அவள் தலைக்குத் தகவல் போயிற்று. கோடு, தாள், டிராயர் எல்லாம் ஒரே சமயத்தில். செத்தவர்களெல்லாம் லாரியில் ஏறிக் காற்று வாங்கியிருக்கிறார்கள். உயிரோடிருந்த திருவொற்றியூர் முழுவதும் அவள் மேசை டிராயரில் கிடக்கிறது.

சிலிண்டரில் காற்று நிரப்பும் ஆலைக்கு ஞாயிறு விடுமுறை. மூன்று டிப்போவிலும் மிச்சம் நின்றவை பட்டறைச் சிலிண்டர்கள். அவற்றை நோயாளி மூக்கில் மாட்டக் கூடாது. நிறைந்த சிலிண்டர் வேண்டுமென்றால் அது செத்தவர் வீடுகளில்தான் இருந்தது. துக்க வீட்டு வாசலில் போய்ச் சாமானைத் திருப்பிக் கேட்க வேண்டும். எந்த அசிங்கம் நேரக்கூடாதென்று கடைசித் தாளை அத்தனை வருடம் கிழித்தாளோ, அதையே செய்ய வேண்டும். அதுவும் காரியம் நடக்கிற நாளில், அதுவும் கோயிலுக்குக் கட்டிய ரோஜா நிறப் பட்டுப் புடவையில்.

ஆட்டோ பிடித்துத் தண்டையார்பேட்டையில் மண்ணாங்கட்டி வீட்டுக்குப் போனாள். எத்திராஜ் லாரியோடு தெருமுனையில் நின்றான். உள்ளே வர மறுத்துவிட்டான். பந்தலில் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மண்ணாங்கட்டியின் மகன் புதிதாக மொட்டையடித்த தலையோடு ஈர வேட்டியில் உட்கார்ந்திருந்தான். சிலிண்டரை வாசலில் காணவில்லை. ஐரீன் பந்தலைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

அங்கே விறகு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சமையல்காரர் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், வெள்ளைத் தலையோடு சிலிண்டர் நின்றது. அதன் கழுத்தில் துண்டைக் காயப் போட்டிருந்தார்.

"யோவ்! நெருப்பாண்ட ஆக்சிஜன நிக்கவச்சிகினு பாயசமா கிண்டற? மொத்தப் பந்தியும் மண்ணாங்கட்டி பின்னாடியே போயிருக்குமே!"

"யம்மா, இது எங்க சாமான் இல்ல. வந்துச்சு, நிக்குது. துண்டு போட வாகா இருந்துச்சு."

சத்தம் கேட்டு மந்திரம் நின்றது. பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வயதான ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள், மண்ணாங்கட்டியின் அக்காவாம்.

"யாருடி நீ? காரியம் நடக்கிற வூட்ல ஜிகுஜிகுன்னு பட்டுக் கட்டிகினு வந்து சாமானைத் திருப்பிக் கேக்கறியே, இது அடுக்குமா? எந்தம்பி மூச்சு விட்ட பாட்டிலுடி அது!"

"இல்ல ஆயா. அவரு விட்டது காலியா உள்ள நிக்குது. அத்த நான் கேக்கல. இது புச்சு, தப்பா வந்துட்ச்சு. தப்பு என்னுது."

"தப்பா வந்தா நாளைக்கு வந்து எடு. இன்னிக்கு எவளும் இந்த வூட்லேந்து ஒன்னும் தூக்கக் கூடாது."

ஐரீன் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாளாம்:

"கேக்கக் கூடாதுதான் ஆயா. எனக்கும் தெரியும். உங்க வூட்ல ஒருத்தர் பூட்டாரு. திருவொத்தியூர்ல ஒருத்தி இன்னும் பூடல. இது அவளோட காத்து. என்னைத் திட்டறத பாக்கி வச்சுக்கோ, வந்து வாங்கிக்கறேன்."

மகன் எழுந்தான். ஐயர் "நடுவுல எழுந்துக்கப்படாது" என்றார். அவன் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுப்பங்கரைக்கு வந்து, சமையல்காரரின் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டு, சிலிண்டரைச் சாய்த்துத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போனான். லாரியில் ஏற்றிவிட்டு, "எங்கப்பாவுக்குக் கடைசி ராத்திரி நீங்கதான்கா சீக்கிரம் அனுப்சீங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினான். கிழவி மட்டும் விடவில்லை. பின்னாலேயே வந்து, ஒரு இலைப் பொட்டலத்தை ஐரீன் கையில் திணித்தாள். "காரிய வூட்லேந்து வெறுங்கையா போவாத. பட்டுப்புடவக்காரி" என்றாள். அது ஆசீர்வாதமா வசவா என்று ஐரீனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மற்ற துக்க வீடுகளுக்கு அப்புறம் போகலாமென்று லாரியை நேரே திருவொற்றியூருக்கு விரட்டினார்கள். அவர்கள் சந்துக்குள் நுழைந்தபோது முள் அடியில் படுத்திருந்தது. சிவந்தியின் நகங்கள் நாவற்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள், அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நானும் எத்திராஜும் ரெகுலேட்டரைக் கழற்றி நிறைந்த சிலிண்டருக்கு மாற்றினோம். குழாயில் காற்று சீறியது. ஐரீன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பட்டுப் புடவையெல்லாம் கரி.

கொஞ்ச நேரத்தில் நகங்களின் நிறம் திரும்பியது. வாயும் திரும்பியது.

"இன்னா... வாசனை வருது?"

"வடை" என்றாள் ஐரீன். "கருமாதி வடை."

"யாருது?"

"மண்ணாங்கட்டின்னு ஒருத்தரு. இந்தச் சிலிண்டரும் அவரு வூட்லேந்துதான்."

சிவந்தி கையை நீட்டினாள். மென்றுவிட்டு, "அந்தாளு காத்தையும் குடிச்சிட்டேன், வடையையும் தின்னுட்டேன். மேல போனா நல்ல புருஷனா இருந்தா அவரையே கட்டிக்கறேன்" என்றாள். ஐரீன் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பின் முடிவில் அவள் மூக்கைச் சிந்தினாள். நான் அழுக்குத் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நல்ல துணியைக் கண்ணீருக்கெல்லாம் வீணாக்குவதில்லை.

பிறகு இரண்டு பேரும் மற்ற துக்க வீடுகளுக்குப் போய், நிறைந்தவற்றைக் கேட்டு வாங்கி, திருவொற்றியூரின் மிச்ச வீடுகளுக்கு மாலைக்குள் போட்டு முடித்தார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் வசவு வாங்கினார்கள். ஒரு வீட்டிலும் காற்று தீரவில்லை. சிவந்தி வீட்டில் மட்டும் தீர்வதற்கு நாலு மூச்சு மிச்சமிருந்தது.

திங்கள் காலை சிவந்தியின் மகள் லீவு போட்டதால் நான் டிப்போவுக்கே போய்விட்டேன். லாரி ஏறுவதை என் கண்ணால் பார்க்காமல் இனி நம்புவதாக இல்லை. பாய் குளிர்ந்த அறை வாசலில் நின்று, "இவ்ளோ பெரிய சர்வரு, இப்படிப் பண்ணிருச்சே" என்று டில்லிபாபுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஒன்னும் பண்ணல பாய்" என்றாள் ஐரீன். "கோட்ட எடுன்னு சொன்னவ நானு. தாள கிழிச்சவளும் நானு. அந்தப் புள்ளைய மொறைக்காத. மூளைய வூட்ல வைன்னு சொன்னது மட்டும் நீ."

பாய் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

டில்லிபாபு புதிதாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தான். அதற்கு "இறந்த தேதி" என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டான்.

"செத்த நாளு நமக்கு எதுக்கு? எடுக்கற நாளு வை. இந்து, வேதக்காரங்க, பாய்மாருங்க, எந்த வூடுன்னு அடிச்சா அதுவே நாள எண்ணிக்கணும். அதுவரைக்கும் அந்தப் பேரு எத்திராஜு கண்ணுலயே படக் கூடாது."

அவன் செய்து முடித்ததும் எத்திராஜ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, மண்ணாங்கட்டிக்கு நேத்தோட காரியம் முடிஞ்சுபோச்சு. காலிய இன்னிக்கே எட்துகினு வந்துடட்டுமா?"

"நேத்து நாம பண்ணதுக்கு இன்னிக்கும் போனா அந்த ஆயா உன்ன வடை மாவுல போட்டு அரச்சிடும். அடுத்த வாரம் போ. மொதல்ல வணக்கம் வை. மூளையையும் எட்துகினு போ."

மண்ணாங்கட்டி பெயருக்கு நேரே, எடுக்கும் நாள் கட்டத்தில் அடுத்த திங்கள் தேதியை அடித்தாள். பட்டியல் அச்சாக ஆரம்பித்தது. பிரின்டர் கடைசித் தாளைக் கக்கியதும் அவள் வலது கை தானாகப் போய் ஓட்டை வரிசையைப் பிடித்தது.

"கையி!" என்று எத்திராஜ் கத்தினான்.

ஐரீன் கையை எடுத்துத் தன் தொடையில் ஒரு அடி போட்டாள். பிறகு தாள்களைக் கிழிக்காமல் மொத்தமாக மடித்து அவனிடம் கொடுத்தாள். கடைசித் தாளில் சிவந்தி பெயருக்கு நேரே இரண்டு என்று இருந்ததை நான் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அதே லாரியில் எத்திராஜ் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.